ஹாஃப் லைஃபை இன்று விளையாடுவதென்றால் எந்தப் பதிப்பு?

1998 நவம்பரில் வந்த ஹாஃப் லைஃப் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி கேமை மறுபடி ஒருமுறை ஆடிப் பார்க்கலாம் என்று நினைப்பவருக்கு முதல் தொல்லை கேமுக்குள் இல்லை, அதை வாங்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒரே கதை பல உருவங்களில் நிற்கிறது. வால்வ் நிறுவனத்தின் அசல் கேம் இருக்கிறது. 2023-இல் அதைத் தூசு தட்டி விட்டிருக்கிறார்கள். அதே நிறுவனம் 2004-இல் வேறு எஞ்சினுக்கு (கேமை உள்ளிருந்து ஓட்டும் மென்பொருள்) மாற்றிய ஹாஃப் லைஃப் சோர்ஸ் இருக்கிறது. ரசிகர்கள் கூடி அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டி 2020-இல் முடித்த பிளாக் மேசா இருக்கிறது. போதாததற்கு, செல்போனில் ஓட்டும் வழி, நண்பர்களோடு கூட்டாக ஆடும் வழி என்று சில்லறைச் சந்துகளும் உண்டு.

யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: பிளாக் மேசாவை எடுங்கள், பார்க்க அழகாக இருக்கும். அழகாகத்தான் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹாஃப் லைஃபுக்கு அழகு ஒருபோதும் குறையாக இருந்ததில்லை, பெரிய பலமாகவும் இருந்ததில்லை. பத்து அடி நடப்பதற்குள் ஏதாவது ஒன்று நடந்துவிடும் என்ற நெருக்கம்தான் அதன் உயிர். எந்தப் பதிப்பை எடுப்பது என்பதை அந்த நெருக்கம் எங்கே கெடாமல் இருக்கிறது, எங்கே நீர்த்துப்போகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கடியில் பிளாக் மேசா என்ற ஆராய்ச்சி நிலையம். அங்கே வேலை பார்க்கும் கார்டன் ஃப்ரீமேன் என்ற 27 வயது இயற்பியலாளர், ஒரு காலை நேரத்துச் சோதனையில் படிகம் ஒன்றைக் கதிர்வீச்சுக்குள் தள்ளுகிறார். வேற்றுலகின் கதவு திறந்துகொள்கிறது. ஜந்துக்கள் வருகின்றன, அவற்றை ஒழிக்கவும், நடந்ததைப் பார்த்தவர்களின் வாயை மூடவும் ராணுவம் வருகிறது. கார்டன் கையில் ஒரு சிவப்புக் கடப்பாரை.

வால்வ் 1996-இல் மைக்ரோசாஃப்டிலிருந்து வெளியேறிய கேப் நியூவெல்லும் மைக் ஹாரிங்டனும் தொடங்கிய நிறுவனம். இது அவர்களின் முதல் கேம். குவேக் கேமின் எஞ்சினை உரிமம் பெற்று வாங்கி, அதன் பெரும்பகுதியைத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றி எழுதினார்கள். 1997 இறுதியில் வெளியிடுவதாகத் திட்டம். கிட்டத்தட்ட முடிந்த நிலையில் ஆடிப் பார்த்தபோது கேம் சுவையாக இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. வெளியீட்டைத் தள்ளிவைத்து, இருந்ததையெல்லாம் கலைத்துப்போட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த மறுவேலையைப் பற்றி அங்கே பணியாற்றிய கென் பேர்ட்வெல் 1999-இல் விளக்கமாக எழுதியிருக்கிறார். நிகழ்ச்சிகளைக் கடிகாரத்தை வைத்து அமைக்காமல், ஆடுபவர் நடக்கும் தூரத்தை வைத்து அமைத்தார்கள் என்பது அதில் முக்கியமான செய்தி. நீங்கள் நின்றால் கேமும் நிற்கும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நகர்ந்தால் சில விநாடிகளில் ஏதாவது வந்தே தீரும். இரண்டாவது செய்தி, நீங்கள் செய்யும் எதையும் உலகம் கவனிக்காமல் விடக்கூடாது என்பது. சுவரைச் சுட்டால் தழும்பு விழ வேண்டும், விஞ்ஞானி மீது மோதினால் அவர் ஏதாவது சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு விதிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு அசல் கேமை இன்று திறந்தால், அதன் வயது சட்டென்று மறந்துபோகிறது. ரயில் பெட்டியில் உட்கார்ந்து நிலையத்துக்குள் போகும் தொடக்கம் மட்டும்தான் நீளம். அதற்குப் பிறகு, பணியாளர் ஓய்வறையில் மைக்ரோவேவ் அடுப்பின் பொத்தானை நாலைந்து முறை அழுத்தினால் யாரோ ஒருவரின் மதிய உணவு வெடித்துச் சிதறுவது முதல் எல்லாமே உங்கள் கையால் நடப்பவை. சோதனை தோற்றுப்போகும் அந்தச் சில நிமிடங்களில்கூடத் திரை உங்கள் கையைவிட்டுப் பறிக்கப்படுவதில்லை. கேமரா கார்டனின் கண்ணைவிட்டு வெளியே போவதே கிடையாது. கார்டன் ஒரு வார்த்தை பேசுவதும் கிடையாது.

ராணுவம் வந்து இறங்கும் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை எல்லா விஞ்ஞானிகளும் ராணுவம் வந்து காப்பாற்றும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு விஞ்ஞானி கைகளைத் தூக்கிக்கொண்டு, மீட்பு வந்துவிட்டது என்ற நிம்மதியில் ஒரு சிப்பாயை நோக்கி ஓடுகிறார். சிப்பாய் சுடுகிறான். விளக்கம் இல்லை, இசை இல்லை, மெதுவான அசைவு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரக்கண்ணில் பார்த்துவிட்டு, அடுத்த குண்டு உங்களுக்குத்தான் என்று புரிந்துகொள்ள வேண்டும். கதையில் அதுவரை சேர்த்துவைத்த நம்பிக்கை முழுவதும் இரண்டு விநாடிகளில் கவிழ்கிறது.

அந்தச் சிப்பாய்களின் புத்திசாலித்தனம் அந்நாளில் பெரிதாகப் பேசப்பட்டது. உள்ளே நடப்பது அதைவிடச் சுவாரசியமானது. ஒரு குழுவில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே நேரத்தில் சுடுவதற்கு இரண்டு இடங்கள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். கையெறி குண்டு வீசவும் அப்படியே இரண்டு இடங்கள். இடம் கிடைக்காதவன் சும்மா நிற்காமல் மறைவு தேடுகிறான் அல்லது வேறு பக்கம் நகர்கிறான். நமக்கு அது சுற்றி வளைப்பதாகத் தெரிகிறது. அதோடு, செய்யப்போவதை ரேடியோவில் கரகரத்த குரலில் உரக்கச் சொல்லிவிடுகிறார்கள். குண்டு வருகிறது என்ற எச்சரிக்கை கேட்டதும் நீங்கள் ஓடுகிறீர்கள். ஓடிய திசையில் இன்னொருவன் நிற்கிறான். பெரிய கணக்கெல்லாம் இல்லை, அளந்துவைத்த சிக்கனம். ஐந்து பேரும் ஒன்றாகச் சுட்டால் அது புத்திசாலித்தனமாகத் தெரிந்திருக்காது, அநியாயமாகத் தெரிந்திருக்கும்.

2023 நவம்பரில், 25-ஆம் ஆண்டை ஒட்டி, வால்வ் இந்த அசலுக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. அகலத் திரைக்கேற்ற பார்வைக் கோணம், பெரிய திரையில் எழுத்துகள் எறும்பு அளவுக்குச் சுருங்காமல் இருக்க ஏற்பாடு, கேம்பேட் ஆதரவு, வால்வின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் நேராக ஓடும் வசதி, பழைய ஒளியமைப்பைச் சரிசெய்தல் ஆகியவை வந்தன. 1999-இல் தனியே வெளியான அப்லிங்க் என்ற சிறிய மாதிரி ஆட்டத்தையும் உள்ளே சேர்த்தார்கள். சுவர்ப் படங்களை வழுவழுப்பாக்கும் வேலையை நிறுத்திவைக்கும் தேர்வும் உண்டு; அதைப் போட்டால் புள்ளி புள்ளியாகக் கூர்மையாகத் தெரியும் அந்நாளைய தோற்றம் வருகிறது. நான் அதைப் போட்டுத்தான் ஆடுகிறேன். இதற்கு முன்பு இந்தக் கேமை இன்றைய கணினியில் ஒழுங்காக ஓட்ட நாலு இடத்தில் குடைய வேண்டியிருந்தது. இப்போது நிறுவினால் ஓடுகிறது. ஓரளவு பழைய லேப்டாப்பிலும் ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. இரண்டாயிரங்களில் இன்டர்நெட் சென்டர்களில் மணிக்கணக்கில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடியவர்கள் ஆடியது இதே எஞ்சினில்தான். கவுன்டர் ஸ்ட்ரைக் 1999-இல் ஹாஃப் லைஃபுக்கு ரசிகர்கள் செய்த மோடாக, அதாவது இருக்கும் கேமை மாற்றியமைத்த வடிவமாகப் பிறந்து, பிறகு வால்வின் கைக்குப் போனது. ஹாஃப் லைஃபைத் தொட்டே பார்க்காதவருக்கும், அந்தக் காலத்து மவுஸ் பழக்கம் விரலில் இருந்தால், அசல் கேமின் ஓட்டமும் குதிப்பும் முதல் நிமிடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

வயதானது எங்கே தெரிகிறது? முகங்களில் தெரியும் என்றுதான் நினைப்போம். நிலையம் முழுக்க விஞ்ஞானிகளுக்கு நான்கே தலைகள். பேசும்போது குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப தாடை மட்டும் திறந்து மூடும். அது சீக்கிரம் பழகிவிடுகிறது. பழகாமல் உறுத்துவது ஏணிகள். மேல் விளிம்பில் இறங்கக் கால் வைக்கும்போது பிடி கிடைக்காமல் கார்டன் நேராகக் கீழே போய் விழுவது இன்றும் நடக்கும். வழுக்கலான அவர் ஓட்டமும் குறுகிய குழாய்களின் மேல் நடக்கும்போது சோதிக்கும். எஃப்6 விசையை அடிக்கடி அழுத்திச் சேமித்துக்கொள்வதைத் தவிர வேறு மருந்தில்லை. ஆன் எ ரெயில் என்ற தண்டவாள அத்தியாயம் ஒரே மாதிரிச் சுரங்கங்களில் சுற்றிச் சுற்றி வர வைக்கும். நடுவில் எந்தத் திசைக்குப் போகிறோம் என்பதே மறந்துவிடும். அதன் பிறகு கடைசியில் வரும் ஸென் என்ற வேற்றுலகம். அதற்குத் தனியாக வருகிறேன்.

இதற்கிடையில் ஹாஃப் லைஃப் சோர்ஸை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ஹாஃப் லைஃப் 2-க்காக உருவாக்கிய சோர்ஸ் எஞ்சினில் பழைய கேமை அப்படியே தூக்கிவைத்தது அது. தண்ணீர் மினுங்கும், செத்தவர்கள் துணிப்பொம்மை போலத் துவண்டு விழுவார்கள். முகங்களும் சுவர்களும் துப்பாக்கிகளும் அதே பழையவை. பிறகு எஞ்சினில் மாற்றங்கள் வர வர அதில் பிழைகளும் கூடின. 2023 புதுப்பித்தலின்போது வால்வே அசல்தான் இனி முறையான பதிப்பு என்று சொல்லி, சோர்ஸ் பதிப்பைக் கடையில் எளிதில் கண்ணில் படாதபடி ஒதுக்கிவிட்டது. யாராவது பழைய கணக்கில் வைத்திருந்து பரிந்துரைத்தாலும் எடுக்க வேண்டாம். அது செய்த ஒரே உபகாரம், தன்னால் ஏமாந்தவர்களைக் கோபப்படுத்தி பிளாக் மேசாவைத் தொடங்க வைத்ததுதான்.

அந்தக் கோபத்தில் கிளம்பிய ரசிகர் குழு பிற்பாடு க்ரோபார் கலெக்டிவ் என்று பெயர் வைத்துக்கொண்டது. நிலையத்தின் பெயரையே கேமுக்கும் வைத்தார்கள். 2012 செப்டம்பரில் இலவச மோடாக வந்தபோது ஸென் உலகத்துக்கு முன்புவரையான பகுதி மட்டும் இருந்தது. பிறகு வால்வின் இசைவோடு விலைக்கு விற்கும் தனிக் கேமாக 2015-இல் முன்னோட்ட நிலையில் வந்தது. ஸென் பலமுறை தள்ளிப்போய், 2020 மார்ச்சில் முழு கேம் வெளியானது. சம்பளமில்லாத வேலையாகத் தொடங்கியதை இத்தனை ஆண்டுகள் விடாமல் பிடித்து முடித்ததற்கே ஒரு வணக்கம் போடலாம்.

பிளாக் மேசாவை அசலின் மெருகேற்றிய நகல் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அதே கதையை வேறொருவர் தம் போக்கில் சொல்வது அது. முதல் மணி நேரத்திலேயே இது தெரிந்துவிடும். அசலில் பெயரில்லாமல் நடமாடிய விஞ்ஞானிகளுக்கு இதில் வெவ்வேறு முகங்கள், வெவ்வேறு குரல்கள். பெண் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். சோதனைக்கு முன்பு நீங்கள் பேசுவது எலி வான்ஸ், ஐசக் க்ளைனர் ஆகியோரிடம். இருவரும் 2004-இல் ஹாஃப் லைஃப் 2 வந்தபோது பெயர் பெற்றவர்கள். பின்னால் நடக்கப்போவது தெரிந்தவர்கள் முன்கதையைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள் என்று இதைச் சொல்லலாம். இரண்டாம் பாகத்தை ஆடியவருக்கு இது இனிப்பு. எனக்கு அசலின் அநாமதேயக் கூட்டம்தான் பிடிக்கிறது. அங்கே யாரும் முக்கியமானவர் இல்லை; அதனால் யார் எப்போது சாவார் என்று சொல்லவே முடியாது.

இடங்களின் பிரம்மாண்டத்தில் பிளாக் மேசா அசலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. பிளாஸ்ட் பிட் அத்தியாயத்தைச் சொல்ல வேண்டும். ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் ஆழமான கிணறு. அடியிலிருந்து மூன்று தலைகளோடு எழுந்து நிற்கும் ஒரு ஜந்து. கண் கிடையாது, காது மட்டும் உண்டு. எரிபொருள், ஆக்சிஜன், மின்சாரம் மூன்றையும் திருப்பிவிட்டு, மேலே ஏறி எஞ்சினை முடுக்கி அதைக் கருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதன் காலடியிலேயே போய் வர வேண்டும். கையெறி குண்டை எதிர்ப்பக்கம் வீசினால் சத்தத்தை நோக்கி அலகால் குத்தும். அந்த இடைவெளியில் நீங்கள் பூனைபோல் நழுவ வேண்டும். அசலில் இதன் பயம் முழுவதும் ஒலியில் இருக்கிறது: இரும்புத் தளத்தில் அந்த அலகு இறங்கும் டங் டங் சத்தம் பக்கத்து அறை வரைக்கும் துரத்தும். பிளாக் மேசாவில் கிணறு தலை சுற்றும் ஆழத்தில் இருக்கிறது, வெளிச்சம் மேலிருந்து தூசியோடு இறங்குகிறது, ஜந்துவின் தோல் ஈரமாகப் பளபளக்கிறது. அசல் மனத்தில் வரையச் சொன்னதை இது வரைந்தே காட்டிவிடுகிறது. புதிதாக ஆடுபவருக்கு இந்த ஓர் அத்தியாயத்துக்காகவே பிளாக் மேசா தகும் என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

சண்டை என்று வரும்போது கதை மாறுகிறது. அசலில் எம்பி5 துப்பாக்கியை ஒரு தடவை நிரப்பினால் 50 குண்டுகள். பிளாக் மேசாவில் 30. காகிதத்தில் சின்ன மாற்றம். ஆடும்போது, பாதிச் சண்டையில் மறைவுக்குள் பதுங்கிக் குண்டு மாற்றிக்கொண்டிருப்பீர்கள். 2012 மோடில் சிப்பாய்கள் குறி தவறாமல் சுடுகிறார்கள் என்ற புகார் பெரிதாக எழுந்தது, பிறகு தணித்தார்கள். இருந்தாலும் இவர்கள் அசலின் சிப்பாய்களைவிட முரட்டுத்தனமானவர்கள், குறைவாகப் பேசிக்காட்டுபவர்கள். அசலில் ஒரு சண்டை சதுரங்கம்போல் நகரும். இங்கே ஒளிந்திருந்து எட்டிப் பார்த்துச் சுடும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. ஜோயல் நீல்சனின் இசையும் சண்டைக்குச் சண்டை ஏறி நிற்கிறது. நல்ல இசைதான். ஆனால் கெல்லி பெய்லி அசலில் இசையைக் கஞ்சத்தனமாகப் போட்டிருந்தார். வெறும் காற்றோட்டக் குழாய்களின் இரைச்சலில் நடந்துகொண்டிருப்போம், எங்கோ ஒரு கதவு திறக்கும்போது திடீரென்று ஒரு தாளம் அடிக்கும். அந்தத் தாளத்தின் மதிப்பு அதற்கு முன்னிருந்த மௌனத்தில் இருந்தது.

பிளாக் மேசா செய்த நல்ல வெட்டு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தண்டவாள அத்தியாயத்தைப் பாதியாக்கும் அளவுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். அதைக்கூடப் பிடிக்காமல், வெட்டிய பகுதிகளைத் திரும்பச் சேர்க்கும் மோடு ஒன்றைச் சிலர் செய்து வெளியிட்டார்கள். ரசிகர்கள் வெட்டியதை இன்னும் தீவிரமான ரசிகர்கள் ஒட்டிக்கொள்கிறார்கள். நான் வெட்டியவர்கள் பக்கம்.

வெட்டத் தெரிந்த இதே கைகள் ஸென்னில் போய் நீட்டிவிட்டன என்பதுதான் வினோதம்.

அசலில் ஸென் என்பது வெட்டவெளியில் மிதக்கும் பாறைகள். நீள்தாண்டல் கருவியை வைத்துப் பாறைக்குப் பாறை தாவ வேண்டும்; ஏணியிலேயே தடுமாறும் கார்டனுக்கு இது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோனார்க் என்ற நாலு கால் தாய் ஜந்து, பிறகு ஒரு தொழிற்சாலை, பிறகு நிஹிலாந்த் என்ற பெரிய தலை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடியது. நாள் நெருங்கிவிட்ட அவசரத்தில் செய்த வேலை என்பது பார்த்தாலே தெரிகிறது. நிலையத்துக்குள் இருந்த நெருக்கம் இங்கே இல்லை. பாறைகளுக்கு நடுவே வெற்றிடம்தான் அதிகம். அசலின் கெட்ட பகுதி எது என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது இதைத்தான்.

பிளாக் மேசா இதை முழுவதும் புதிதாக எழுதியது. முதல் அரை மணி நேரம் பார்க்க வாய் பிளக்கும். ஊதா வானம், ஒளிரும் செடிகள், சதுப்பு நிலம். நடுவே, கார்டனுக்கு முன்பே இங்கு வந்து கூடாரம் போட்டு ஆராய்ச்சி செய்து, செத்துக் கிடக்கும் விஞ்ஞானிகளின் முகாம். அசலில் ஒரு வசனத்தில் தொட்டுவிட்டுப் போன செய்தி இங்கே நடந்து பார்க்கும் இடமாகிறது. கோனார்க் உங்களைக் குகைகளுக்குள் துரத்துகிறது. அசலில் சில நிமிடங்களில் முடிந்த சண்டை ஓர் அத்தியாய நீளத்துக்கு ஓட்டமும் பதுங்கலுமாக வளர்ந்து, அது நன்றாகவும் இருக்கிறது. தொழிற்சாலையில் வார்ட்டிகான்ட் என்னும் பச்சை ஜந்துக்கள் அடிமைகளாக வேலை செய்கிறார்கள். அவர்களை ஆட்டிவைக்கும் பறக்கும் மேற்பார்வையாளர்களை வீழ்த்தினால் உங்களைத் தாக்காமல் நின்றுவிடுகிறார்கள். அதுவரை கேம் முழுக்க அவர்களைச் சுட்டுத் தள்ளியவர் கையில் துப்பாக்கி சற்றே கனக்கும். அசலிலும் இதற்கான விதை இருந்தது: தொழிற்சாலையில் சிலர் நாம் சீண்டும்வரை சும்மா இருப்பார்கள். அதைக் கண்டுபிடித்து வளர்த்தது பிளாக் மேசாவின் சிறந்த வாசிப்பு.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பிரமாதம். நிறுத்தவில்லை. செருகியைத் தூக்கி வந்து துளையில் மாட்டு, மின்சாரம் வந்ததும் கதவைத் திற; அடுத்த அறையிலும் ஒரு செருகி. தொழிற்சாலையில் ஓடும் பட்டைகளின் மேல் தாவு, அடுத்த பட்டை, அதற்கடுத்த பட்டை. ஒரு யோசனையை மூன்று முறை கண்டபிறகு நான்காவது முறை அது வரும்போது அலுப்பு தட்டுகிறது. அசலின் ஸென் ஏழை வீட்டுச் சாப்பாடு என்றால் இது கல்யாணப் பந்தியில் இலையை மடித்த பிறகும் பரிமாறிக்கொண்டே இருப்பது. தூரத்துக்கு இத்தனை நிகழ்ச்சி என்று வால்வ் வகுத்த விதி, எந்த இடத்தைச் சரிசெய்வதற்காக இத்தனை ஆண்டுகள் செலவழித்தார்களோ அந்த இடத்திலேயே உடைகிறது. ஆனாலும் அசலின் ஸென்னா இதுவா என்றால் இதுதான். அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் நிலையத்தை அசலில் ஆடிவிட்டு, ஸென்னுக்கு மட்டும் பிளாக் மேசாவுக்குத் தாவிவிடலாமே என்று ஒரு யோசனை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆடிப் பார்த்தால் ஒட்டவில்லை. தாண்டும் முறையே வேறு, துப்பாக்கிகளின் கனம் வேறு, கார்டன் நடக்கும் வேகமே வேறு. மணிக்கணக்கில் ஒரு கையைப் பழக்கிவிட்டு, மிகக் கடினமான கட்டத்தில் புதுக் கை வாங்கிக்கொள்வது போலாகிவிடுகிறது. இரண்டு கேம்களை இரண்டு கேம்களாக, இடையில் சில மாதம் விட்டு ஆடுவது மேல்.

மீதி வழிகளை வேகமாகப் பார்த்துவிடுவோம். கணினியே இல்லை, ஆண்ட்ராய்டு செல்போன்தான் என்பவர்களுக்கு எக்ஸாஷ்3டி என்ற திறந்த மூல எஞ்சின் உண்டு. காசு கொடுத்து வாங்கிய கேமின் கோப்புகளை அதில் போட்டால் ஓடும். தொடுதிரையில் சிப்பாய்களோடு சண்டை போடுவது தண்டனை. புளூடூத் கேம்பேட் இருந்தால் மட்டும் முயலலாம். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆட ஸ்வென் கோ-ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஹாஃப் லைஃபின் கதை முழுவதையும் கூட்டாக ஆடலாம். பயம் ஒரு துளிகூட மிஞ்சாது, சிரிப்புக்குக் குறைவிருக்காது. அசலுக்கே நிஜ ஒளியைக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங் மோடு ஒன்றும் 2023-இல் வந்தது. சக்திவாய்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் இரண்டு அத்தியாயம் பார்த்து ரசிக்கலாம். நிழல்கள் அருமை, ஆனால் 1998-இல் கையால் வைத்த விளக்குகள் எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்தவை.

ஆப்போசிங் ஃபோர்ஸ், புளூ ஷிஃப்ட் என்ற துணைக் கேம்களையும் ஆடும் எண்ணம் இருந்தால் அது அசலின் பக்கம் கூடுதல் எடை. 1999-இலும் 2001-இலும் கியர்பாக்ஸ் நிறுவனம் செய்த இவை, அதே விபத்தை ஒரு சிப்பாயின் கண்ணாலும் ஒரு காவலரின் கண்ணாலும் காட்டுபவை. அசலின் எஞ்சினிலேயே ஓடுபவை. பிளாக் மேசாவில் புளூ ஷிஃப்டை இன்னொரு ரசிகர் குழு அத்தியாயம் அத்தியாயமாக மோடாகச் செய்து வருகிறது.

ஆக, முன்பு ஆடியவர் திரும்பப் போகிறார் என்றால் எனக்குத் தயக்கமே இல்லை: 2023-இன் அசல். நினைவில் இருப்பதைவிட அது வேகமானது, சிக்கனமானது. ஸென்னைச் சகித்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம்தானே. பழைய கேம் எதையும் தொட்டுப் பழக்கமில்லாதவர், தாடை மட்டும் அசையும் முகங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டு மூடிவிடக்கூடியவர் என்றால் பிளாக் மேசாவில் தொடங்கட்டும். அதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டும், அசலைவிடப் பல மடங்கு சேமிப்பிடமும் தேவை என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் தள்ளுபடி நாட்களில் விலை நன்றாக இறங்குபவை, அவசரப்பட்டு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஹாஃப் லைஃப் 2-ஐ ஆடி ரசித்துவிட்டு முதல் பாகத்தை மட்டும் விட்டுவைத்தவர்கள் நடுவில் நிற்கிறார்கள். அவர்களையும் நான் அசலுக்குத்தான் அனுப்புவேன். எலி வான்ஸும் க்ளைனரும் இல்லாத பிளாக் மேசா நிலையம் எப்படியிருந்தது என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

அசலை எடுப்பவர்கள் கடின நிலையை நடுத்தரத்தில் வையுங்கள். கடினம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சிப்பாயை வீழ்த்த வேண்டிய சேதம் 50-லிருந்து 80 ஆகிறது. குண்டுகள் கூடுதலாகச் செலவாகும். சிப்பாய் அதே இரண்டு இட விதிப்படிதான் சுடுவான்.